பில் வாசிக்கும் ஞாயிறு

"உங்கப்பா என்னை வேவு பாக்கறாரு."

படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு மருமகள் சொன்னாள். கணவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

விஷயம் இதுதான். அவள் செருப்பு வாங்கினாள். இரண்டே நாளில் மாமனார் ஹாலில் உட்கார்ந்து, மூக்கு நுனியில் கண்ணாடியோடு, போனைத் தடவித் தடவி அந்தத் தொகையை கிரெடிட் கார்டுக்குக் கட்டிவிட்டார். அதற்கு முன்னால் தலையணை உறை வாங்கியபோதும் அப்படித்தான். மாதம் ஒருமுறை, பில் வந்த பிறகு கட்டினால் போதும் என்பது ஊருக்கே தெரியும். இவர் வாராவாரம் கட்டுகிறார் என்றால், மருமகள் என்ன வாங்குகிறாள் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார் என்றுதானே அர்த்தம்?

"லிஃப்ட் மெக்கானிக்கா இருந்த மனுஷன். லேசா சத்தம் வந்தாலே எண்ணெய் விட்டுடுவாரு. அந்தப் பழக்கம்தான்" என்றான் கணவன்.

"பழக்கமோ என்னமோ, நாம தனியா போயிடலாம். வீடு பாத்துட்டேன். திங்கக்கிழமை அட்வான்ஸ் குடுக்கணும்."

இஸ்திரிப்பெட்டி நின்றது. நல்லவேளை, சட்டை கருகவில்லை.

அவள் அவசரத்துக்குக் காரணம் வேறு. இந்த வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கணக்கில் கார்டு. பில் வந்ததும், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் மாமியார் அதை உரக்க வாசிப்பாள். அவளுக்கு வீட்டில் 'ஆடிட்டர்' என்று பெயர். அவள் எதிரில் யாரும் சொல்வதில்லை. கடைசித் தொகை சின்னதாக இருந்தால் மடித்து வைத்துவிடுவாள். பெரிதாக இருந்தால் போச்சு, ஒவ்வொரு செலவாக வாசித்துக்கொண்டு வரி வரியாக மேலே ஏறுவாள். சொந்த மகன் எப்போதோ வாங்கிய ஹெட்போன் கதை ஒன்றுவிட்ட சித்தப்பா வீடு வரைக்கும் போயிருந்தது.

இந்த மாத பில்லில் மருமகள் தன் அம்மாவுக்கு வாங்கிய காது மிஷின் இருந்தது. இருபத்திநாலாயிரம். இரண்டு காதுக்கும் வேண்டும் என்றுதான் கடையில் சொன்னார்கள். ஒன்றுக்கே இவளுக்கு மூச்சு முட்டியது. கணவனிடம்கூடச் சொல்லவில்லை. சம்பளம் வந்ததும் கட்டிவிடலாம் என்று நினைத்திருந்தாள். அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் சம்பளம் தள்ளிப்போனது. பில் முந்திக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மானம் போனால் மறுநாளே கிளம்ப வழி வேண்டும் என்றுதான் வீடு பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. ஆனது ஆகட்டும் என்று பால்கனிக்குப் போனாள். மாமனார் பழைய மின்விசிறி ஒன்றைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, இந்த மாச பில்லுல என் செலவு ஒண்ணு..."

"காது மிஷினா?" என்றார், திருப்புளியைக் கீழே வைக்காமலே. "போன வாரம் பாதி, இந்த வாரம் பாதின்னு கட்டிட்டேன்மா."

"எதுக்கு மாமா அப்படி?" என்றாள்.

"உங்க அத்தை கண்ணு கடைசித் தொகைமேலதான் விழும். அது பெருசா இருந்தாதான் மேல ஏறுவா. அதான் நான் வாராவாரம் கட்டி அதைச் சின்னதாவே வெச்சிருக்கேன். நீ இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து உன் செலவு எதையாவது அவ வாசிச்சிருக்காளா?"

யோசித்துப் பார்த்தாள். ஒருமுறைகூட இல்லை.

சம்பளம் வந்ததும் தந்துவிடுவதாகச் சொன்னாள். அவசரமில்லை, முதலில் அந்த ஸ்க்ரூவை எடுத்துக் கொடு என்றார் அவர். எடுத்துக் கொடுத்தாள். மனிதரை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது. ஆனால் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது.

மதியம் எல்லோரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். மாமியார் பில்லைப் பிரித்தாள். கடைசித் தொகையைப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"மைனஸ் இருபத்திநாலாயிரம்."

"மைனஸா?" என்றான் கணவன். "அப்படின்னா கார்டுக்காரன்தான் நமக்குத் தரணும்."

"அதெப்படி? நான் சரியாத்தானே கட்டினேன்..." என்று ஆரம்பித்த மாமனார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மாமியார் பில்லை மேஜைமேல் வைத்தாள்.

"நீங்களுமா கட்டினீங்க?"

மருமகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கடைசியில் மாமியாரே சொன்னாள்.

"நீங்க குளிச்சிட்டிருந்தப்ப உங்க போன்ல காது மிஷின் வாங்கின மெசேஜ் வந்துது. சம்பந்தியம்மாவுக்கு எதையும் ரெண்டு தடவை சொன்னாதான் கேக்குது, எனக்குத் தெரியாதா? நீங்க பாத்தா தோண்டித் துருவிக் கேப்பீங்க, பொண்ணு சங்கடப்படும்னு என் சேமிப்புலேருந்து அப்பவே கட்டிட்டேன்."

ஆடிட்டருக்குத் தெரியக் கூடாதென்று மாமனாரும், மாமனாருக்குத் தெரியக் கூடாதென்று ஆடிட்டரும் ஒரே மிஷினுக்கு இரண்டு தரம் கட்டியிருந்தார்கள். மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நடுவில் கணவன், திங்கட்கிழமை அந்த வீட்டு அட்வான்ஸ் என்று ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தான். மேஜைக்கடியில் அவன் காலை நன்றாக மிதித்தாள்.

"கூடுதலா கட்டினதைத் திருப்பிக் கேட்டா குடுத்துடுவாங்க அத்தை. நாளைக்கே எழுதிப் போடறேன்."

"எதுக்கு? கார்டுலயே கிடக்கட்டும்" என்று மாமியார் பில்லை மடித்தாள். "உங்கம்மாவுக்கு இன்னொரு காது இருக்கில்ல?"