பூசணி ஏன் இளைக்கவில்லை?

"திருட்டுத்தனமா தீனி போடறது யாரு? உண்மையைச் சொல்லிடுங்க."

டாக்டரம்மா இப்படிக் கேட்டதும் புருஷனும் பொண்டாட்டியும் ஒருவரை நோக்கி ஒருவர் கை நீட்டினார்கள்.

"இவர்தான்!"

"இவதான்!"

தராசில் உட்கார்ந்திருந்த பூசணி என்கிற பூனை, பேச்சு வேறு யாரையோ பற்றியது என்பது போல முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

குண்டுப் பூனைகளை இளைக்க வைக்கும் புதுத் தீனி ஒன்றை அந்தக் கால்நடை ஆராய்ச்சி மருத்துவமனையில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா ஊண் உறக்கம் இல்லாமல் கட்டி எழுப்பிய சோதனை. மற்ற பூனைகளெல்லாம் சொன்ன பேச்சுக் கேட்டு இளைத்துக்கொண்டு வர, பூசணி மட்டும் பேரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவே எனக்கு நேரமில்ல டாக்டரம்மா. இந்த மனுஷன்தான் லாரியை நிறுத்திட்டு வந்ததும் வராததுமா 'பட்டு, தங்கம்'னு கொஞ்சுவார். கட்டின நாள்லேருந்து என்னை ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டிருப்பாரா?"

"கொஞ்சினா எடை ஏறுமா? பாதி நாள் நான் ரோட்டுல கிடக்கறேன். நான் எங்கேருந்து ஊட்டறது?"

"பார்த்தீங்களா பேச்சை! ஒரு வாரமா இவரோட நான் பேசறதே இல்ல."

"அந்த ஒரு வாரமாத்தான் டாக்டர் நான் நிம்மதியாத் தூங்கறேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "விளையாட்டு இல்ல இது. இவளுக்கு சர்க்கரை எட்டிப் பார்க்குது. இன்னும் ஏறினா தினம் ஊசிதான். சோதனையிலேருந்தும் எடுத்துடுவேன்."

தையலம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. பூனையை அள்ளி மடியில் வைத்துக்கொண்டார். "ஊசியெல்லாம் இவ தாங்கமாட்டா டாக்டரம்மா."

"அப்போ பாசத்தைக் கட்டிப் போடுங்க. எங்க வீட்டையே எடுத்துக்குங்களேன். ரிட்டையர் ஆனதும் எங்க வீட்டுக்காரருக்குத் தொப்பை தள்ளிடுச்சு. எண்ணெய் காட்டாம வேகவெச்ச கோழி. அளந்து மூடி வெச்சுட்டு வந்துடுவேன். அதுக்கு மேல ஒரு வாய் தொடமாட்டார். இப்ப எப்படி இருக்கார்? பேன்ட் இடுப்பையெல்லாம் நீங்கதானே பிடிச்சுக் குடுத்தீங்க?"

"ஆமாம்மா, சார் துரும்பாப் போயிட்டார்" என்று தையலம்மா ஒப்புக்கொண்டார். டாக்டரம்மா வீட்டுக்குப் பின்தெருவில்தான் அவருடைய வீடும் கடையும்.

"அதுக்குப் பேருதான் கட்டுப்பாடு!"

சொல்லி வைத்த மாதிரி டாக்டரம்மாவின் கைபேசி அடித்தது.

"சொல்லுங்க... இல்லைங்க, இன்னிக்கும் மத்தியானம் வர முடியாது... மேசை மேல மூடி வெச்சிருக்கேன், சாப்பிட்டுடுங்க... தனியாத்தான். என்ன புதுசாக் கேட்கறீங்க?"

வைத்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து சின்னக் கழுத்துப் பட்டை ஒன்றை எடுத்தார். அதில் பொத்தான் அளவுக்கு ஒரு கேமரா.

"இதை இவ கழுத்துல கட்டி விடறேன். ரெண்டு நாள் கழிச்சு வாங்க. ஊட்டற கை யாருதுன்னு இதுவே சொல்லிடும்."

புருஷனும் பொண்டாட்டியும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே போனார்கள்.

ரெண்டு நாள் கழித்து மூவரும் கம்ப்யூட்டர் திரை முன்னால் உட்கார்ந்தார்கள். பூசணி மேசை மேலேயே படுத்துக்கொண்டது.

திரையில் தையல் மெஷினின் கால்மிதி தெரிந்தது. பிறகு தையலம்மாவின் தட்டு. உடனே, "போடி அந்தப் பக்கம்!" என்று ஒரு அதட்டல்.

"கேட்டீங்களா? நான் விரட்டறேன்!"

அடுத்து லாரிக்காரரின் கை. தடவிக் கொடுத்தது. வெறும் கை.

"பார்த்துக்க. வெறுங்கை!"

ரொம்ப நாளுக்குப் பிறகு இருவரும் முறைக்காமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்குமே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அப்புறம் திரை குலுங்கியது. பூசணி கிளம்பிவிட்டது. உச்சி வெயிலில் ஒரு சுவர். சந்து. இன்னொரு சுவர்.

"அட, வெளியாளு வேலையா?" லாரிக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டார். "எவனோ வேலைவெட்டி இல்லாதவன். வீடு மட்டும் தெரியட்டும், சட்டையைப் பிடிச்சுக் கேட்கறேன். புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை மூட்டி விட்டுட்டானே!"

"நாலு வார்த்தை நல்லா உறைக்கிற மாதிரி நானே கேட்கறேன்" என்றார் டாக்டரம்மா.

திரையில் ஒரு கொடி தெரிந்தது. அதில் ஒரு வெள்ளைக் கோட்டு காய்ந்துகொண்டிருந்தது.

டாக்டரம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

பின்கதவு. சமையலறை. பூசணி பழகிய இடத்தில் ஏறுவது போல ஒரு நாற்காலியில் தாவியது. நீலக் கட்டம் போட்ட மேசை விரிப்பு. அதன் மேல் எதிரெதிராக இரண்டு தட்டுகள். ஒன்று கவிழ்ந்திருந்தது.

"ரெண்டு தட்டு போட்டு விருந்தே வைக்கிறான் பாரு, அந்தப் பய..." லாரிக்காரர் முடிக்கவில்லை. தையலம்மா அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது, தையலம்மா இடுப்பைப் பிடித்துக் கொடுத்த பேன்ட்.



ஒரு கை நீண்டது. கவிழ்ந்திருந்த தட்டை நிமிர்த்தியது. வேகவைத்த கோழியைப் பொறுமையாகப் பிய்த்து, முக்கால்வாசியை அதில் வைத்தது.

குரல் கேட்டது. சிரிப்பும் சந்தோஷமுமாக, டாக்டரம்மா கேட்டு எத்தனையோ நாளான குரல்.

"அடடே, கழுத்துல ஸ்டெதாஸ்கோப் எல்லாம் மாட்டிக்கிட்டு வந்திருக்கீங்களே! வாங்க டாக்டர், உட்காருங்க. நீங்களாவது சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வர்றீங்களே."