காதுக்குள் ஒரு டீச்சர்

அன்று தேர்வு நடந்த கணினி அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள்.

ஜெபகனி டீச்சர். கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பேச்சிராஜன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மோகித், ஜெனிலா, சண்முகவள்ளி, அப்துல் காதர். பிள்ளைகளுக்குப் பதிலாகப் பெரியவர்கள் யாரும் திரையைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள, பள்ளி மேலாண்மைக் குழுவின் சார்பில் நான்.

பிறகு, அவள். என் மகன் வயிற்றுப் பேத்தி. மேட்டுவீட்டுப் பிள்ளை.

எல்லோருக்கும் காதில் ஹெட்போனை மாட்டினார்கள்.

அவள் எழுந்து நின்றாள்.

கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"ஏழு, டீச்சர்."

கேள்வி எனக்குக் கேட்கவில்லை. அவளுக்குப் பக்கவாட்டில் சற்றுப் பின்னால் உட்கார்ந்திருந்ததால் திரை மட்டும் தெரிந்தது. மின்கம்பியில் குருவிகள். எண்ணிப் பார்த்தேன். ஏழுதான். கீழே நான்கு கட்டங்களில் நான்கு எண்கள். ஏழு இருக்கும் கட்டத்தை விரலால் தொட வேண்டும்.

அவள் தொடவில்லை. கேட்டவருக்குப் பதில் சொல்லியாகிவிட்டது.

முந்தின நாள் டீச்சர் இதையெல்லாம் செய்து காட்டியபோது அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். தேர்வு தொடங்கிய பின் யாரும் எதுவும் சொல்லித்தரக் கூடாது.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் கேட்டால் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்லும் வழக்கம் இல்லை. என் அப்பா காலத்திலும் இல்லை. இதை அவளுக்கு யாரும் உட்கார வைத்துப் போதித்ததும் இல்லை. பார்த்து வளர்ந்தவள்.

காதுக்குள் இருந்தவர் மறுபடி கேட்டிருக்க வேண்டும்.

"ஏழு, டீச்சர்."

இம்முறை கொஞ்சம் உரக்க.

குருவிகள் மறைந்தன. அடுத்த படம் வந்தது.

"மீன், டீச்சர்."

"மீன், டீச்சர்!"

அதற்கும் அடுத்ததில் கழுத்து நரம்பு புடைத்தது.

"வியாழக்கிழமை, டீச்சர்!"

ஜெனிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்து நாற்காலி மோகித் சிரிக்கவில்லை. கவனமாக இருந்தான். அவன் ஹெட்போனில் சத்தமே வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லாத் திரையிலும் ஒரே கேள்வி, ஒரே நேரத்தில். அவள் சொல்லச் சொல்ல அவன் தொட்டுக்கொண்டே வந்தான்.

குறைந்த மதிப்பெண் வாங்கினால் திங்கள்கிழமை முதல் சாயங்காலத் தனி வகுப்பு. பள்ளிக்கூடம் அதற்கு நல்ல பெயர்தான் வைத்திருக்கிறது. ஊர் வைத்த பெயர் 'மக்குப் பெஞ்சு'. மேட்டுவீட்டிலிருந்து இதுவரை யாரும் அதில் உட்கார்ந்ததில்லை.

பேச்சிராஜன் என் காதருகே குனிந்தான்.

"தாத்தா, நான் வெளிய போயி தண்ணி குடிச்சிட்டு வாரேன். நீங்க லேசா ஒரு தட்டு தட்டிவிடுங்க. அவ வாயால சொன்னதத்தான தட்டப் போறீங்க?"

என் கைக்கும் திரைக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும்.

அவள் சொன்னது எல்லாம் சரி. நானே பார்த்தேன். ஒரு விரல் போதும்.

கைத்தடியின் தலையில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்திக்கொண்டேன்.

"உனக்குத் தாகம் இல்ல. உக்காரு."

உட்கார்ந்தான். இரண்டு பேரும் கடைசிவரை அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பதில்கூடத் தப்பவில்லை. ஒரு தடவைகூடக் கட்டிய கை அவிழவில்லை.

திரையில் மதிப்பெண் வந்தது.

மோகித், பத்துக்குப் பத்து.

அவள், பூஜ்யம்.

அவள் அதைப் பார்க்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி, இரண்டு கைகளாலும் மேசைமேல் வைத்தாள். டீச்சரிடம் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டாள். உள்ளே இருப்பவர் மனம் நோகக் கூடாது என்பதுபோல.

"டீச்சர், பாவம், அவங்களுக்குக் காது கேக்காதா?"

ஜெபகனி டீச்சர் திரும்பிப்போய் ஜன்னலைச் சாத்தினார். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்தார்.

"அடுத்த தடவைக்குள்ள உக்காந்து தட்டப் பழக்கிருவோம், ஐயா."

"தட்டப் பழக்குங்க டீச்சர். உக்காரப் பழக்க வேண்டாம்."

சரி என்று தலையசைத்தார்.

அன்று சாயங்காலம் மோகித் வீட்டில் கேசரி. ஒரு கிண்ணம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. நான் இனிப்பு தொடுவதில்லை. அன்று தொட்டேன். அதில் எங்களுக்குப் பங்கு உண்டு.

திங்கள்கிழமை வெளுத்த வேட்டி கட்டி, பெரிய தெரு வழியாகவே அவளைத் தனி வகுப்புக்கு அழைத்துப் போனேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று மெதுவாகவே நடந்தேன்.

வகுப்புக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளே ஜெபகனி டீச்சர் ஏதோ கேட்டார். பெஞ்சு நகரும் சத்தம். பிறகு அவள் குரல்.

கத்தவில்லை.

எதிரில் இருந்தவருக்குக் காது கேட்டது.

டீக்கடையில் ஒரு பேச்சு உலவுகிறதாம். மேட்டுவீட்டுப் பேத்திக்கு ஒரு பதிலும் தெரியவில்லையாம். பரீட்சை முடியும்வரை டீச்சர் நிற்க வைத்துவிட்டாராம்.

அவளை யாரும் நிற்க வைக்கவில்லை.