சாவி சௌக்கத் பாய் கையில்

“நாயி குறுக்கால பூந்துச்சி மாமு. நான் மட்டும் ஸ்டீயரிங்க ஒடிக்கலன்னா, இந்நேரம் நீ மாலை வாங்கிகினு வந்திருப்ப!”

கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு சௌக்கத் அலி சொன்னார். கல்மண்டபத்தில் அவர் வீட்டுக்கு நலம் விசாரிக்க வந்த எல்லோருக்கும் இதே கதைதான். சொல்லச் சொல்ல நாய் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. இன்று காலை அது கன்றுக்குட்டி அளவுக்கு வந்திருந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவர் ஜெயவேல். காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்யும் பழைய தோஸ்து.

“உனுக்கு இதெல்லாம் ஒரு மேட்டரா பாய்? போட் இன்ஜினையே கண்ண மூடிகினு பிரிச்சி மாட்டுற ஆளு. புதுக் கார் சாவிய வெரல்ல சுத்திகினு நீ ஷெட்டுக்கு நடக்குற ஸ்டைலு கீதே, தெருவே கண்ணு வெச்சிடுச்சி.”

“எண்ணூர் ரோட்டுல அந்த எடத்துல வேற எவனா இருந்தாலும் காலி. நான் கரீட்டா கட் பண்ணிட்டேன். பக்கத்துல குந்திகினு இருந்தா பாரு என் வூட்டுக்காரி, ஓன்னு ஒரு கத்து கத்துனா. கை ஒதறிப்போய் ரோட்டு நடு செவுத்துல வுட்டுட்டேன். பொம்பளைய முன்சீட்டுல குந்த வெச்சா இதான் பேஜாரு!”

அந்த வீட்டுக்காரி ஷரீஃபுன்னிசா, டீயோடு வந்தாள். விபத்தில் அவளுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அதுவும் அவள் செய்த குற்றமாகவே வீட்டில் பேசப்பட்டு வந்தது.

“வக்கீல் லூர்து அண்ணன் வந்துகினு கீறாரு” என்று மட்டும் சொல்லிவிட்டு, கதவோரம் நின்றுகொண்டாள்.

வக்கீல் வரத்தான் வேண்டும். தொடை எலும்பில் ராடு வைத்திருந்தார்கள். ஆறு மாதம் படகு பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கே ஷரீஃபுன்னிசாவின் வளையல்கள் போய்விட்டன. அடுத்து விற்க வீட்டில் மிச்சம் இருந்தது சௌக்கத் அலியின் வாய்தான். அதை யாரும் வாங்க மாட்டார்கள்.

லூர்து வந்து உட்கார்ந்ததும் சௌக்கத் அலி ஆரம்பித்தார். “ஃபுல் இன்சூரன்ஸ் கீது சார். கேஸப் போடுங்க.”

“யார் மேல பாய் போடட்டும்? நாய் மேலயா? அதுக்கு இன்சூரன்ஸ் கீதா?”

ஜெயவேல் சிரித்துவிட்டு, சௌக்கத் அலியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“கார் தங்கச்சி ஷரீஃபுன்னிசா பேர்ல. அதுகிட்ட வாங்கி ஓட்டுனது நீங்க. மோதுனதும் நீங்க. அப்ப உங்களுக்கு நீங்களேதான் நஷ்டஈடு குடுத்துக்கணும்.”

“இன்னா சார் இது அநியாயம்? ஓட்டுனவனுக்கு ஒண்ணுமே கெடையாதா?”

“உசுரு போனா வரும். கால் ஒரேயடியா போனா வரும். ஒடஞ்சி ஒட்டிக்கிற காலுக்கு வராது” என்றார் லூர்து, டீயை ஊதியபடி. “பக்கத்துல குந்திகினு வந்தவங்களுக்கு அடிபட்டிருந்தா கதையே வேற. ஆஸ்பத்திரி செலவு, வேலைக்குப் போவாத மாசத்துக்கு சம்பளம், பட்ட வலிக்கு, நாளைக்கி ராடு எடுக்குற ஆபரேஷனுக்கு, எல்லாம் கேக்கலாம்.”

“ஓட்டுனது சொந்த புருஷன் பொஞ்சாதியா இருந்தாக்கூடவா சார்?” என்றார் ஜெயவேல்.

“தாராளமா. துட்டு குடுக்கப் போறது கம்பெனி. இன்னா பண்றது, அடி ஒருத்தர்க்கு, சட்டம் இன்னொருத்தர்க்கு. சரி பாய், ஒடம்ப பாத்துக்கங்க.” லூர்து எழுந்தார்.

“சார்... குந்துங்க சார்.”

சௌக்கத் அலிக்கு வேர்த்திருந்தது. காலைப் பார்த்தார். வளையல் இல்லாத மனைவியின் கையைப் பார்த்தார். ஜெயவேலை மட்டும் பார்க்கவில்லை.

“அன்னிக்கி... நான் இந்தப் பக்கம் குந்திகினு இருந்தேன்.”

“எந்தப் பக்கம்?”

“எடது பக்கம்.”

ஜெயவேலின் கையில் டீ டம்ளர் அப்படியே நின்றது. “இன்னா பாய் சொல்ற? அப்ப ஓட்டுனது?”

“அவதான். எனுக்கு... எனுக்கு கார் ஓட்டவே தெரியாதுடா.”

தெருமுனை வரை சாவி அவர் விரலில் சுற்றும். ஷெட்டுக்குள் போனதும் அது ஷரீஃபுன்னிசாவின் கைக்கு மாறிவிடும். கண்ணாடி துடைப்பதற்குத் தவிர சௌக்கத் அலி டிரைவர் சீட்டில் ஏறியதே இல்லை.

“இத்தினி நாளா ஊர் பூரா நீங்கதான் ஓட்டுனதா சொல்லிட்டு, துட்டுன்னதும் மாத்துனா எவன் பாய் நம்புவான்?” என்றார் லூர்து.

சௌக்கத் அலி கண் கலங்கிவிட்டார். கதவோரம் நின்றவளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“அண்ணா, போதும், அவர வுட்டுடுங்க” என்றாள் ஷரீஃபுன்னிசா. பிறகு கணவனிடம் திரும்பினாள். “அன்னிக்கே ஸ்டேஷன்ல லைசென்ஸக் காட்டி, நாந்தான் ஓட்டுனேன், தப்பு என் மேலன்னு சொல்லிட்டேன். உங்களுக்கு வர வேண்டியது எங்கயும் போவாது. கோர்ட்டுல நீங்க உங்க வாயால உண்மைய சொல்லணும், அதுக்குத்தான் அண்ணன வரச் சொன்னேன்.”

ஜெயவேலுக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

“அது சரி அண்ணி, ஓட்டிகினு போவ சொல்லோ அப்டி ஏன் கத்துனீங்க?”

“நான் எங்க கத்துனேன்? கார்ல இருந்ததே ரெண்டு பேருதான்.”