டயருக்கு மலை ஆசை

மலையேறுவதற்கென்று தன் பிக்கப் வண்டிக்கு உயரமான ஸ்பிரிங்கும், கனத்த பல் வைத்த டயர்களும் மாட்டினார் செங்கோடன். அன்றிலிருந்து முன்டயருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அண்ணே, மலைக்கு எப்போ?"

"முதலாளி முதல்ல ஊருக்கெல்லாம் காட்டி முடிக்கட்டும்," என்றது பிக்கப்.

காலையில் டீக்கடை, மாலையில் கல்யாண மண்டபம். எல்லாம் தார்ரோடு. டயரின் பல் நாளுக்கு நாள் தேய்ந்தது.

"இப்படியே போனா வழுக்கையாத்தான் மலைக்குப் போவேன்."

"முனகாம உருளு. நான் மட்டும் என்ன, ஸ்பீடு பிரேக்கருக்கா பிறந்தேன்?" என்றது ஸ்பிரிங்.

ஒருவழியாக மலையடிவாரத்துக்கு வந்தார்கள். டயர் துடித்தது. செங்கோடன் இறங்கி அதைத் தடவிப் பார்த்தார், முகம் சுருங்கியது.

"தார்ரோட்டுக்கே தாங்காத டயர், மலைக்கா தாங்கும்?" என்று வண்டியைத் திருப்பினார்.