தாத்தா தப்பு பண்ண மாட்டார்

ஞாயிறு மதியம் மாதா கோயில் கூடத்தில் முதலைப் படம் போட்டார்கள். உட்கார இடமில்லாமல் நெருக்கியடித்தது கூட்டம். ஒலந்தினாவின் பாயைச் சுற்றி மட்டும் தரை காலியாகக் கிடந்தது.

திமோர் தீவின் அந்தக் கரையில் முதலைக்குப் பேர் தாத்தா. குற்றம் செய்தவனைத்தான் தாத்தா தூக்குவார் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

திரையில் முதல் சுற்றுலாப் பயணி ஆற்றுக்குள் மறைந்தான்.

"பொண்டாட்டிய அடிச்சிருப்பான்!" என்று கத்தினாள் பக்கத்து வீட்டுத் தெரெசிஞ்ஞா.

அடுத்து ஒருத்தி போனாள்.

"இவ திருடி. மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கே!"

கூடமே சிரித்தது.

கடைசியில் ஓர் இளைஞன். தண்ணீரில் தத்தளித்த குழந்தையைக் கரையேற்றிவிட்டு அவன் ஏறப்போனபோது, பின்னால் தாத்தா வாய் பிளந்தார்.

சிரிப்பு நின்றது.

"ஐயோ, இந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு!" தெரெசிஞ்ஞா விம்மினாள். மூக்குறிஞ்சும் சத்தம் வரிசை வரிசையாகப் பரவியது. பாதிரியார்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

படம் முடிந்ததும் ஒலந்தினா பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெகுநாள் கழித்துத் தெரெசிஞ்ஞா அவளிடம் பேசினாள்.

"ஊரே அழுவுது, உன் கண்ணுல ஒரு சொட்டு இல்லையே. கல்நெஞ்சாடி உனக்கு?"

"போன மழைக்காலத்துல என் புருஷனத் தாத்தா தூக்கினப்ப, பாவின்னு சொல்லி எழவுக்குக்கூட யாரும் வரலியே. அன்னைக்கே உங்க எல்லார் பங்கையும் சேர்த்து நானே அழுது தீர்த்துட்டேன்க்கா."