கடிகாரத்தின் வயிற்றெரிச்சல்

மாதா கோவில் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்துக்கு, பீடத்துக்குப் பின்னால் இருந்த நற்கருணைப் பேழையைக் கண்டாலே வயிறு எரியும்.

"பிரசங்கம் முழுக்க சனங்க என்னைத்தான் பாக்குறாங்க. ஆனா முழங்கால மடக்குறது உனக்கு! முட்டிவலியோட வர்ற ஜெசிந்தா டீச்சர்கூட பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு மடக்குறாங்க. ஒரு சின்னப் பெட்டிக்கு இவ்வளவு மவுசா?"

"எனக்கில்லப்பா" என்றது பேழை.

"ரொம்பத்தான் அடக்கம்!"

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசை முடிந்ததும், எப்போதும் பேழைக்குள் இருக்கும், இயேசுவே என்று எல்லாரும் வணங்கும் நற்கருணை அப்பத்தைச் சாமியார் கிண்ணத்தோடு வேறு இடத்துக்கு எடுத்துப்போனார். பேழையின் கதவு திறந்தே கிடந்தது. மறுநாள் காலையில் வந்த டீச்சர், பழக்கத்தில் பாதி குனிந்தவர், காலிப் பேழையைப் பார்த்ததும் நிமிர்ந்து போய் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே நாள்ல போச்சா உன் மரியாதை?" என்று கடிகாரம் குதித்தது.

"நேத்தும் நான் இதே பெட்டிதான்" என்றது பேழை.

கடிகாரம் ரெண்டு நாள் யோசித்தது. ஈஸ்டருக்கு அப்பம் நிறைந்த கிண்ணம் திரும்பி வந்தது. சாமியார் அதை உள்ளே வைத்துப் பூட்டினார். டீச்சர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கினார்.

"ஓகோ!" என்று பல்லைக் கடித்தது கடிகாரம். "அப்போ இத்தனை நாளும் எல்லாம் அந்தக் கிண்ணத்துக்குத்தானா?"