கடைசி நாற்பது நொடி

பத்துப் பாட்டு முடிந்து பதினொன்றாவது தொடங்கியதும் டார்ஷாவின் கை சீப்போடு அப்படியே நின்றுவிட்டது.

"ஏன்டி, பாதித் தலையப் பின்னிட்டு மீதிய அம்போன்னு விட்டுட்டியே! நாளைக்கு நான் சர்ச்சுக்குப் போக வேணாமா?" என்றாள் நாற்காலியில் இருந்த மிஸ் எர்லீன்.

"ரெண்டே நிமிஷம், மிஸ் எர்லீன். தலைய ஆட்டாம இருங்க."

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. அமெரிக்காவின் மெம்ஃபிஸில் சடை பின்னும் எந்தக் கடையிலும் அந்த நேரத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. டார்ஷாவின் கண் மட்டும் போனிலேயே இருந்தது. அங்கே அவள் நேரலையில் ஓடவிட்ட அண்ணன் ரெல்லின் பாட்டை நாலாயிரம் பேர் ஒன்றாகக் கூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரெல் செத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. இருந்தவரை கார் டிக்கியில் கேசட்டை அடுக்கிவைத்து ராப் பாட்டு விற்றவன். இப்போது ஊர் ஊருக்கு அவனுக்கு ரசிகர்கள். யாரும் கேட்காத கேசட் ஒன்று அம்மாவின் துணி அலமாரியில் அகப்பட்டது என்று டார்ஷா எழுதியதும் குதி குதியென்று குதித்தார்கள்.

முதல் பத்துப் பாட்டுக்கும் கொண்டாட்டம்தான்.

"டேய், இந்த டிரம்மைக் கேட்டு எங்க வீட்டு நாயே எந்திரிச்சு நிக்குதுடா" என்று ஒருவன் எழுதினான்.

பதினொன்றாவதின் முடிவில்தான் அந்த நாற்பது நொடி இருந்தது.

பாட்டு முடிந்ததும் அறையில் இருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது ரெல் கூட்டத்தின் வழக்கம். கூப்பிட்டவன் குரல் கொடுக்க வேண்டும். இதில் மூன்றாவதாக வரும் பெயர் செட்ரிக். "இருக்கேன்டா!" என்று கத்துவான்.

அந்தப் பாட்டைப் பதிவு செய்த அன்று மாலைதான் ஊரின் மறுகோடியில் ஒரு மளிகைக்கடை வாசலில் ஒரு மனிதரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டது செட்ரிக் என்று தீர்ப்பானது. அவன் எங்களோடுதான் இருந்தான் என்று ரெல் கோர்ட்டில் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். கூட்டாளிக்காகச் சொல்லும் பொய் என்று தள்ளிவிட்டார்கள். கேசட்டை அப்போது வீடு முழுக்கத் தேடியும் காணவில்லை. செட்ரிக் உள்ளே போய் இருபத்தேழு வருடம்.

கேசட்டை எடுத்துக்கொண்டு இரண்டு முறை வக்கீல் ஆபீஸ் வாசல்வரை போனாள் டார்ஷா. இரண்டு முறையும் படியேறாமல் திரும்பினாள். ரசிகர்கள் ஊசி விழுந்தால்கூட எந்தத் தெருவில் விழுந்தது என்று சொல்கிறவர்கள். அவர்களாகவே கண்டுபிடித்துவிட்டால் தேவலை என்று நினைத்தாள்.

அந்த நாற்பது நொடியை வெட்டி எறிய ஒரு நிமிடம் போதும். கையை வைப்பதும் எடுப்பதுமாக ஒரு வாரம் கிடந்தாள். வெட்டவில்லை.

இதோ, போனில் ரெல் பெயர்களைக் கூப்பிட்டான். செட்ரிக் கத்தினான். பாட்டு நின்றது. திரையில் ஒவ்வொருவராக எழுதத் தொடங்கினார்கள்.

"இது ரெல்லே இல்ல. மெஷின் போட்ட குரல்."

"ஆமா மச்சி, செத்தவன் வாயில வார்த்தைய வச்சு விக்கிறாங்க."

"செட்ரிக் பேர வேற நுழைச்சிருக்காங்க பாரு. வெக்கங்கெட்ட ஜென்மங்க."

டார்ஷா போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். நாலாயிரம் பேரும் போலி என்று சொல்லிவிட்டால் அப்புறம் எந்தக் கோர்ட் இதைக் காதில் போட்டுக்கொள்ளும்? செட்ரிக் உள்ளேயே செத்துப்போவான். சீப்பை மேசைமேல் வைத்தாள்.

அப்போது வேறொருவன் எழுதினான். பழைய கேசட்டுகளின் தேதியைத் துருவிக் கண்டுபிடிப்பதே வேலையாகத் திரிகிறவன்.

"கொஞ்சம் வாய மூடிட்டு மறுபடி கேளுங்கடா. பின்னாடி புயல் எச்சரிக்கைச் சைரன் ஊதுது. இந்தக் கேசட் பதிஞ்ச வருஷம் அந்த ஏரியாவுல சைரன் ஊதினது ஒரே நாள்தான். மே பதினாலு, சாயங்காலம் ஏழே முக்கால். பழைய பேப்பர்ல இருக்கு."

உடனே மற்றவர்கள் எழுதினார்கள்.

"மே பதினாலா? மளிகைக்கடைச் சாவு அன்னிக்குத்தானேடா?"

"அதுவும் ஏழே முக்காலுக்குத்தான்."

"அப்போ செட்ரிக் எப்படிடா ரெண்டு இடத்துல இருந்தான்?"

அதற்குப்பின் எழுத்து அருவியாகக் கொட்டியது. யாரோ வக்கீல் பெயர் சொன்னார்கள். யாரோ அழுதுகொண்டிருப்பதாக எழுதினார்கள். அவர்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். டார்ஷாவுக்கு இப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது. போனைத் தூக்கி எறிந்துவிட்டுப் பின்கதவு வழியாக ஓடிவிடலாமா என்றிருந்தது.

சைரனைப் பிடித்தவன் மறுபடி எழுதினான்.

"செட்ரிக்குக்கு அப்புறம் மெதுவா இன்னொரு பேர் கூப்பிடுறான், பேர் புரியல. ஆனா ஒரு பொண்ணு சிரிச்சிட்டே 'இங்கதான் இருக்கேன்'னு சொல்லுது. யாருப்பா அது? அவ ஏன் கோர்ட்டுக்கு வரல?"

மிஸ் எர்லீன் எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் டார்ஷாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டார்ஷா இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாக எழுதினாள். மூன்று முறை அழித்து எழுதினாள்.

"வந்தா. நிஜமா சுட்டவனோட ஆளுங்க முந்தின நாள் வீட்டுக்கு வந்து மிரட்டிட்டுப் போயிருந்தாங்க. பத்தொன்பது வயசு, சர்ச் கோரஸ்ல பாடுற பொண்ணு, பொய் சொல்லமாட்டான்னு எல்லாரும் நம்பினாங்க. செட்ரிக் அன்னிக்கு எங்ககூட இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணிச் சொன்னா. அது நான்தான்."

அனுப்பினாள்.